அம்மா விசாரித்ததாகச் சொல்

அன்பு டாராஸுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரர் வேட், உன் தங்கை டாரியா மூவரும் சுகம், ஏப்ரல் பிறந்தும் ஏரியில் ஐஸ் உடையவில்லை. நீ சுகமா என்று எழுத வந்தால் உன் தாடை சுகமா என்றுதான் கை எழுதுகிறது, குளிரில் இன்னும் வலிக்கிறதா, மறைக்காமல் சொல். இதோடு புது பல் கவசம் அனுப்புகிறேன், கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது எடுத்த அச்சில் நானே வார்த்தது. பழையதைக் கடைவாயில் தொங்கவிட்டுக் கடித்துக்கொண்டே ஆடுகிறாய், டிவியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அது வாய்க்குள் இருக்க வேண்டியது கண்ணா. வேட் உன் ஐஸ் ஹாக்கி டீமுக்காகத் தாடி வளர்க்கிறார், நீங்கள் தோற்கும்வரை மழிக்க மாட்டாராம், சூப் குடித்தால் பாதி தாடிக்குப் போகிறது.

அடுத்த சுற்றில் எதிரே ஹார்கினின் டீம் என்று தெரிந்த அன்று போனில் என்ன சொன்னாய், அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா, வரிசையில நின்னு கை குடுத்துட்டோம்ல என்றாய். நீ கொடுத்தாய், நான் கொடுக்கவில்லை. பக் வட்டை எடுக்க மூலைக்குப் போகும் தடுப்பாட்டக்காரன் முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும், அந்த முதுகில் பாய்ந்து உன் முகத்தை மைதானச் சுவர்ப் பலகையில் இடித்துத் தாடையை உடைத்தவன் அவன். கம்பி கட்டிய வாயில் பீட்ரூட் சூப்பை உறிஞ்சுகுழல் வைத்து ஊட்டினவள் நான். உன்னைத் தேர்வு செய்யலாமா என்று பார்க்க வந்த பெரிய லீக் ஆட்கள் அந்த வசந்தத்தில் வேறு பையன்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினெட்டு வயது, உன்னை மடியில் வைத்துக்கொண்டு படித்துத்தான் இந்தப் பல் சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தேன், அதனால் எதையும் சீக்கிரம் மறக்கிற பழக்கம் எனக்கில்லை.

இனி எழுதுவதை வேடுக்குக்கூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை எங்கள் கிளினிக்கில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் ஹார்கின். அவன் அம்மா வீடு பக்கத்து ஊர்தானே. பிளே-ஆஃப் சமயத்தில் எந்த டீமும் காயத்தை வெளியே விடாது, மேலுடம்பு என்பார்கள், கீழுடம்பு என்பார்கள், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள். இவன் சொந்த டீமுக்கே தெரியாமல், அவன் அம்மாவின் குடும்பப் பெயரைக் கொடுத்து வந்திருக்கிறான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டர், கோச்சுக்குத் தெரிஞ்சா உக்கார வச்சிருவாரு, எனக்கும் இந்த வருஷத்தோட கான்ட்ராக்ட் முடியுது என்று கெஞ்சினான். டாக்டர் எக்ஸ்ரே படம் பார்க்கப் போனதும் நான் மாஸ்க்கோடு பக்கத்தில் நின்று, அடுத்து யாரோட ஆட்டம் தம்பி என்று கேட்டேன். அவன் சிரிக்கிறான். ஒரு டிஃபென்ஸ்காரன் இருக்கான்க்கா, டாராஸ்னு, நல்ல பிள்ளை, முதுகைக் காட்டிக்கிட்டே நிப்பான், ஒரு தட்டுத் தட்டுனா போதும் என்றான்.

நான் மாஸ்க்கைக் கழற்றினேன். அந்த நல்ல பிள்ளையோட அம்மாதான் தம்பி நான், வாயை நல்லாத் திற என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கை தட்டில் கிடந்த ஊசி மேல்தான் இருந்தது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை, நோகாமல் சுத்தம் செய்தேன். எழுந்திருக்கும் முன், அக்கா, அவன்கிட்ட சொல்லிர மாட்டீங்கல்ல என்றான். கொப்பளிச்சுத் துப்பு என்றேன்.

அவன் வாயில் என்ன, எந்தப் பக்கம் என்று உனக்கும் எழுத மாட்டேன். அவன் வந்ததை எழுதுவதே என் வேலைக்கு உலை வைக்கும். நீயும் அவனைத் தொடாதே. அடித்தால் தண்டனைப் பெட்டியில் நீ உட்காருவாய், உன்னைப் பார்க்க மறுபடி வரப்போகிறவர்கள் வேறு ஒருவனைப் பார்ப்பார்கள், அந்த வசந்தம் இன்னொரு தரம் வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் ஆட்டம் தொடங்கும் முன் அவன் பக்கமாக மெதுவாகச் சறுக்கிப் போ, மரியாதையாகச் சிரி, எங்கம்மா உன்னை ரொம்ப விசாரிச்சாங்க, நல்லா மென்னு சாப்பிடச் சொன்னாங்க என்று சொல். அவ்வளவு போதும். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவனுக்குத் தெரியாதே. பக் மூலைக்குப் போகும்போதெல்லாம் நீ திரும்பிப் பார்த்தால் அவன் தூரத்திலேயே நிற்பான், முகத்தைப் பொத்திக்கொள்வான். இந்த முறை முதுகைக் காத்துக்கொள்ள வேண்டியவன் அவன்.

தொடர் முடிந்ததும் வரிசையில் நின்று அவனுக்குத் தாராளமாகக் கை கொடு, அன்றைக்கு என் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிடு. பல் கவசத்தை வெந்நீரில் போடாதே, வளைந்துவிடும். இதைப் படித்ததும் கிழித்துப் போடு. உன் எலும்பெல்லாம் கடவுள் காவலில் இருக்கட்டும், உன் சறுக்குக் காலணியின் வாள் மழுங்காமல் இருக்கட்டும்.

உன் பற்களை எண்ணியபடியே தூங்கப் போகும்,
அம்மா லரிசா