களாப்பழ ஜாம் கிண்டிய நாட்கள்

ஜூலை 6, சனி

மாடிப்படிக்கு அடியில், அழுக்குத் துணிக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் வெளிச்சத்தைத் துண்டால் மூடியிருக்கிறேன். சித்தி தூங்கியிருப்பார்கள். தூங்காமலும் இருக்கலாம். அவர்கள் தூங்கும்போது மூச்சுச் சத்தம்கூட வராது. அதுதான் பயம்.

இன்று சாத்தான்குளத்திலிருந்து சித்தியின் தம்பி ஜெபசிங் வந்தார். உள்ளே வரவில்லை. பைக்கை விட்டு இறங்காமலே ஒரு மஞ்சள் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஜனவரியில் அப்பாவோடு சித்திக்குக் கல்யாணம் முடிந்தபின் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் பொருள் அதுதான். அவர்கள் சி.எஸ்.ஐ. சபை. நாங்கள் மாதா கோயில், கத்தோலிக்கர். அதோடு அப்பா கப்பல்காரர், மனைவியை இழந்தவர், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் வேறு. அந்தப் பெண் நான். சித்தியின் அப்பா டேவிட்சன் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை.

பைக்குள் களாப்பழம். தேரிக்காட்டுச் செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது. சில பழங்கள் கறுப்பு, சிலது ரோஸ், சிலது இரண்டுக்கும் நடுவே சாயங்கால வானம் மாதிரி. சித்தி பையை மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அழுதார்களா? தெரியவில்லை. அழுகிறவர்களிடம் என்ன கேட்பது?

அப்பாவின் கப்பல் பிரேசில் பக்கம் போகிறது. அங்கே இப்போது பகல்.

ஜூலை 7, ஞாயிறு

நாங்கள் ஜாம் கிண்டினோம். 'நாங்கள்' என்று கை தானாக எழுதிவிட்டது.

சித்திக்கும் செய்யத் தெரியாது. அவர்களுடைய அம்மா உயிரோடு இருந்தபோது செய்வார்களாம், இவர்கள் தின்றதோடு சரியாம். போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு... பழத்தைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடிகிறது. விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டோம். கொட்டையை எடுத்து, கொஞ்சம் தண்ணீர்விட்டு வேகவைத்து, மசித்து, சீனியைக் கொட்டியதும் பழம் நிறம் மாறியது. அவ்வளவு சிவப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆவி எழும்பி சன்னல் கம்பி, காலண்டர், சித்தியின் கண்ணாடி எல்லாவற்றையும் மூடியது. கடலுக்கு அடியில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் மாதிரி இருந்தோம். துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதிய சத்தம் மேலே எங்கோ, தண்ணீருக்கு வெளியே கேட்டது.

ஒரு சொட்டைத் தட்டில் விட்டு விரலால் கோடு இழுக்க வேண்டும். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் அதுதான் பதம். நாங்கள் கோடு இழுத்துக்கொண்டே இருந்ததில் பதம் தாண்டிவிட்டது. பாட்டிலில் ஊற்றி ஆறவிட்டபின் சித்தி ஸ்பூனைக் குத்தினார்கள். ஸ்பூன் அப்படியே நட்டுக்கொண்டு நின்றது.

"இது ஜாம் இல்லளா. செருப்பு தைக்கிற பசை."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபிறகு பயந்தேன்.

சித்தியின் சட்டியில் அடிப்பிடித்துவிட்டது, ஊறப்போட்டிருக்கிறது. பாதிப் பழம் ஃப்ரிட்ஜில். வருகிற ஞாயிறு அவர்கள் ஊர்க் கோயிலில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் எல்லாரும் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்களாம். ஆராதனை முடிந்ததும் இன்னார் கொண்டுவந்தது என்று பெயர் சொல்லி ஏலம் விடுவார்களாம். கோழி, முட்டை, முருங்கைக்காய், கேக். சித்தி அதற்கு ஒரு பாட்டில் ஜாம் கொண்டுபோகப் போகிறார்கள்.

ஜூலை 8, திங்கள்

மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். சித்தி தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒளிந்து கேட்கவில்லை. காதில் விழுந்தது.

"பண்டிகைக்கு வா. தனியா வா."

டேவிட்சன் சாரின் குரல். வகுப்பறைக் குரல். சித்தி, "சரிப்பா" என்றார்கள். அவ்வளவுதான்.

தனியாக என்றால் என்னை விட்டுவிட்டு.

ஜூலை 9, செவ்வாய்

குலசேகரன்பட்டினத்திலிருந்து பிலோமி அத்தை போன் செய்தாள். அப்பாவின் அக்கா. யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், அவள் "என்ன விசேஷம்" என்றதுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

"பெத்த அப்பன் கூப்புட்டுச் சோறு போட்டுட்டாருன்னா அவ இங்கன எதுக்குத் திரும்பி வாரா? நீ ஒண்ணும் கவலப்படாத. வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரு. இங்கன ஸ்கூல் இல்லையாக்கும்?"

அத்தை என்மேல் பாசமாகத்தான் இருக்கிறாள். ஆனால் வீட்டைப் பூட்டுவது என்கிறாளே. அம்மா இருந்த குசினி, அப்பா வந்தால் படுக்கும் கட்டில், எல்லாம் இருட்டுக்குள்ளே. அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரெண்டு நாளில் வந்துருவேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 10, புதன்

கனவில் வீடு மிதந்து போனது. உப்பளங்களைத் தாண்டி, வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே, மெதுவாக. நான் படியில் நின்று கூப்பிட்டேன். கரையில் நின்றவர் திரும்பவில்லை. சேலை சித்தியுடையது.

ஜூலை 11, வியாழன்

சித்திக்கு ஆபீஸில் வேலை அதிகம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்க்கிறார்கள். கண்டெய்னர் ஒன்று நின்றுவிட்டது, வர நேரமாகும் என்று மெசேஜ் வந்தது. நான் பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் மீதிப் பழத்தை எடுத்தேன்.

நானே கிண்டினேன். தனியாக.

நான் கிண்டிய ஜாமை அவர்கள் எடுத்துப்போனால், இந்த வீட்டில் இருந்து ஏதோ ஒன்று அவர்கள் கூடவே இருக்கும். கூடவே இருந்தால் இங்கே வரவேண்டும் என்ற ஞாபகமும் வரும். எழுதும்போது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது. கிண்டும்போது அப்படி இல்லை.

சித்தியின் சட்டியில் கரி இன்னும் போகவில்லை. அம்மா காலத்துப் பெரிய மண்சட்டியை எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. இந்தத் தடவை கோடு ஒரே ஒரு முறைதான் இழுத்தேன். அது நின்றது. பாட்டிலைச் சன்னலில் வைத்தேன், சாயங்கால வெயில் உள்ளே புகுந்து சுவரில் ஒரு சிவப்பு மீன் மாதிரி அசைந்தது.

சித்தி வந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள். "நீயா?" என்றார்கள். அகப்பையில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தார்கள். முகத்தில் என்னவோ வந்து போனது.

"எந்தச் சட்டில வச்ச?"

சொன்னேன். தலையை ஆட்டினார்கள். நல்லாருக்கு என்றார்கள். ஆனால் அந்த முகம்?

ஜூலை 12, வெள்ளி

பாட்டிலில் ஊற்றியதுபோக மிச்ச ஜாமை ரொட்டியில் தடவி மதியத்துக்குக் கொண்டுபோனேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பேச்சிச்செல்விக்குப் பாதி கொடுத்தேன். அவள் வீட்டில் மீன், கறி எதுவும் கிடையாது. ஒரு கடிதான் கடித்தாள். மெல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"ஏளா, இதுல சாளை நீந்துதுளா."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சத்தியம் செய்தாள். நான் முகர்ந்தேன், பழமும் சீனியும்தான். மறுபடி முகர்ந்தேன். "உனக்கு எப்படித் தெரியும், நீ மீன் சட்டிக்குள்ளேயே பிறந்தவ" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அதுதான் நிஜம். அம்மா அந்தச் சட்டியில் எத்தனை வருசம் குழம்பு வைத்திருப்பாள். மண் எல்லாவற்றையும் குடித்து வைத்திருக்கிறது. எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் அது தெரியாது.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை, அத்தனை பேருக்கு நடுவில், ஜெபசுதா கொண்டுவந்தது என்று சித்தியின் பெயரைச் சொல்லி... யாரோ மூடியைத் திறந்து... டேவிட்சன் சார் என்ன சொல்வார்? பாத்தியா, இப்படிப்பட்ட வீட்டுக்கா போன, இங்கனயே இரு. அதைத்தானே சொல்வார்?

சித்தி பை அடுக்கினார்கள். பாட்டிலைத் துண்டில் சுற்றிச் சேலைகளுக்கு நடுவே வைத்தார்கள். ஒரு நாள் பண்டிகைக்கு அவ்வளவு சேலை எதற்கு? சொல்லிவிடலாம் என்று வாசற்படியில் நின்றேன். சித்தி நிமிர்ந்து, "என்ன ஸ்டெபி?" என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன், ஏன் எனக்கு வாயே வராது—

ஜூலை 13, சனி

போய்விட்டார்கள். கையசைத்தேன். பிலோமி அத்தை துணைக்கு வந்திருக்கிறாள். வந்ததும் என் அலமாரியைத் திறந்து எந்தெந்தத் துணி எடுக்கலாம் என்று பார்த்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

பூசையில் கண்ணை மூடினால் வேறு ஒரு கோயில் தெரிந்தது. உயரமான சன்னல்கள், கால்கட்டிய கோழிகள், வாழைத்தார்கள், அவற்றுக்கு நடுவில் என் பாட்டில் மட்டும் சிவப்பு விளக்கு மாதிரி எரிந்துகொண்டு. யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை.

வீட்டுக்கு வந்து, கிண்ணத்தில் மிச்சம் இருந்த ஜாமை அத்தைக்குக் கொடுத்தேன். வாடை அடிக்கிறதா என்று கேட்டேன்.

"என்ன வாடை? நல்லாத்தான இருக்கு." இட்லிக்குத் தொட்டுக்கொண்டு முழுவதையும் தின்றுவிட்டாள்.

ஜூலை 15, திங்கள்

வரவில்லை. நாளைக்கு வாரேன் என்று ஒரு மெசேஜ் மட்டும். "இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றாள் அத்தை.

ஜூலை 16, செவ்வாய்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வாசலில் சித்தியின் செருப்பு. குசினியில் சித்தி, அத்தை இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், பேச்சில்லாமல். நான் பையைக்கூடக் கழற்றவில்லை. ஜாம்ல மீன் வாடை சித்தி, எனக்குத் தெரியும், போறதுக்கு முன்னாடியே தெரியும், சொல்லல— எல்லாம் ஒரே மூச்சில். அழுதுகொண்டே சொன்னேன்.

"எனக்கு வியாழக்கிழமையே தெரியும்ளா. நாக்குல வச்ச ஒடனே தெரிஞ்சிட்டு."

பிறகு ஏன் கொண்டுபோனார்கள்?

"நாம மொதல்ல கிண்டுன அந்தப் பசையக் கொண்டுபோயிருந்தா எங்கப்பாக்கு மிச்சமிருக்க பல்லும் போயிருக்கும்."

அத்தைக்குப் புரை ஏறிவிட்டது.

அப்புறம் சித்தி சொன்னதை நான் பலமுறை கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏலத்தில் சித்தியின் பெயரைச் சொன்னதும் கோயிலே அமைதியாகிவிட்டதாம். வீட்டோடு பேச்சில்லாத பெண் கொண்டுவந்ததை எடுத்தால் டேவிட்சன் சாருக்குக் கோபம் வருமோ என்று யாரும் ஏலம் கேட்கவில்லையாம். சித்தி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அப்போது முன் வரிசையில் ஒரு கை எழும்பியது. அவர்தான். அவர் கேட்டபின் எதிர்த்துக் கேட்க அந்த ஊரில் ஆள் கிடையாதாம்.

வீட்டில் ரொட்டியில் தடவி நிதானமாகத் தின்றாராம். முழுவதும் தின்று, கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாராம்: "மீனு நல்ல மீனாத்தான் இருந்திருக்கும்."

யார் கிண்டியது என்று கேட்டிருக்கிறார். சித்தி சொன்னார்கள். பிறகு, "அந்தப் பிள்ளைய ஏன் விட்டுட்டு வந்த?" என்றாராம். தனியாக வரச் சொன்னதே அவர்தான். சித்தி அதை ஞாபகப்படுத்தவில்லை. திங்கட்கிழமையும் இருந்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாராம், இருந்தார்கள்.

அத்தை சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது எதைப் பற்றி என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 28, ஞாயிறு

பனிமய மாதாவுக்குக் கொடியேறிவிட்டது. தெருவெல்லாம் லைட். பொரிகடலைக் கடைகள், ராட்டினம். வெளியூர் ஆட்கள் நடந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். காற்று அவர்கள் பாட்டைத் துண்டுதுண்டாக மாடிக்குக் கொண்டுவந்து போடுகிறது. தூரத்தில் வெளியே நிற்கிற கப்பல்களின் விளக்கும் தேர் விளக்கு மாதிரியே இருந்தது.

சாயங்காலம் அத்தை போன் செய்தாள். திருவிழா முடிந்ததும் என்னைக் கூட்டிப்போய் அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விசாரித்து வைத்திருக்கிறாளாம். என் நன்மைக்குத்தானாம். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

சித்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைக்காமல் வந்து என்னிடமிருந்து போனை வாங்கினாள். இதுவரை அத்தையை எந்த முறையும் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை.

"மைனி," என்றாள். "அவ எங்கயும் வரமாட்டா. நீங்க திருவிழாவுக்கு வாங்க, வந்து பத்து நாள் இருங்க. அறை இருக்கு."

அந்தப் பக்கம் அத்தை நெடுநேரம் பேசினாள். சித்தி, ம், ம் என்று கேட்டுக்கொண்டே நின்றாள். போன் முழுக்க மாவு.