வேலையில்லாத நாளின் ஷிப்ட்

நேற்று மாலை போனில் மெசேஜ் வந்தது. ‘நாளை உற்பத்தி இல்லை. தேவைப்படும்போது அழைக்கிறோம்.’ படித்துவிட்டு யூனிஃபார்ம் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டேன். எத்தனை முறை துவைத்தாலும் சூடு பட்டதும் அந்தத் துணியிலிருந்து வெந்த ரப்பர் வாசனை கிளம்பிவிடுகிறது. என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “நாளைக்குதான் வேலை இல்லியேம்மா, இன்னாத்துக்கு இஸ்திரி?” என்றாள். அவளுக்கு உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விம்கோ நகர் பக்கத்தில் இருக்கும் இந்தக் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே மேஜை. வண்டிகளுக்குப் போகும் ரப்பர் வளையங்களில் பிசிறு வெட்டும் வேலை. ஆர்டர் குறைந்துவிட்டது என்று முதலில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். பிறகு வாரத்தில் ஒரு நாளைக் குறைத்தார்கள், அப்புறம் பாதி வாரம். ஆளைக் குறைக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. போனில் ஒரு வரி வரும், நாம் வீட்டில் இருந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர் அதை லீவு என்றே எடுத்துக்கொண்டார்கள். சிலர் இறால் உரிக்கப் போனார்கள். சிலர் கன்டெய்னர் யார்டில் பெட்டி கழுவப் போனார்கள்.

நீ மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு வழக்கமான நேரத்துக்கு வந்து கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தாய். தனியாக உட்காரப் போரடித்ததால் என்னையும் இழுத்து வந்தாய். இதில் பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது, உனக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் முதல் நாளே எரிந்து விழுந்தார்.

“மெசேஜ் பாக்கலியா? வேலை கெடையாது, வூட்டுக்குப் போங்க.”

“பாத்தேண்ணா. நீ வாயால சொல்லு, போறேன்.”

“இப்பதான சொன்னேன்?”

“ஷிப்ட் நேரம் இன்னும் ஆவலியே. ஆனப்புறம் சொல்லு.”

அவர் தலையில் அடித்துக்கொள்வார். நீ கேட்டுக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்துக் கையாட்டுவாய். பஸ்ஸில் போகிறவர்கள் நம்மையே பார்ப்பதுபோல் எனக்குக் கூச்சமாக இருக்கும். “நாம இன்னா, திருடவா வந்தோம்? வேலைக்கு வந்துகீறோம்” என்பாய். ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். “எங்கம்மா கடலுக்குப் போன போட்டு திரும்பி வராத நாள்லயும் கூடைய எடுத்துகினு துறைமுகத்தாண்ட போவும். ஒருநாள் போவலன்னா, மறுநாள் அந்த எடத்துல வேற ஒருத்தி குந்திகினு இருப்பா” என்றாய். காசிமேட்டில் மீன் விற்கிற வீட்டில் பிறந்தவள் நீ. உனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். நீ சட்டமெல்லாம் விவரமாகத் தெரிந்துகொண்டு செய்ததாக இன்றைக்கும் கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

சில மாதங்கள் கழித்து நிர்வாகம் வேறு மாதிரி பேசியது. வேலைக்கு வராதவர்கள் தாங்களாகவே நின்றுவிட்டார்களாம். உன்னையும் என்னையும்கூட அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வேலை போய்விடும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். மேனேஜரோடு வந்திருந்த வாட்ச்மேனிடம் அதிகாரி, “இவங்க ரெண்டு பேரும் கேட்டுக்கு வந்தாங்களா?” என்று கேட்டார். அவர் மேனேஜரை ஒருமுறை பார்த்தார், உன்னை ஒருமுறை பார்த்தார்.

“வந்துச்சுங்க சார். டெய்லி வந்து என் உசுர வாங்கிச்சுங்க.”

அப்போதுதான் அதிகாரி விளக்கினார். வேலை இல்லை என்று கம்பெனி சொன்னாலும், ஷிப்ட் நேரத்துக்கு வந்து நின்று திருப்பி அனுப்பப்பட்ட நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம் உண்டு. வராதவர்கள் கேட்க முடியாது. நமக்கு வேலையும் நிலைத்தது, பாதிச் சம்பளமும் வந்தது. மற்றவர்களில் சிலரைப் பேசிப் பேசித் திரும்ப எடுத்தார்கள். வீட்டில் இருந்த நாட்களுக்கு அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பலருக்கு வேலையே போயிற்று. வராதே என்று மெசேஜ் போட்டது கம்பெனி. அதை நம்பியதுதான் அந்தப் பெண்கள் செய்த தப்பு. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அடுத்த தடவை மெசேஜ் வந்த மறுநாள் கேட்டில் நிற்க இடமில்லை. நீ சந்தோஷப்படுவாய் என்று பார்த்தேன். “நிம்மதியா குந்த வுடறாளுங்களா பாரு” என்று முணுமுணுத்தாய்.

பிறகு நீ படுத்துவிட்டாய். பெரியாஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நான் பழம் வாங்கி வருவேன். நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “கேட்டாண்ட போனியா?” என்று கேட்பாய். போனேன் என்று சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு.

நீ போன செய்தி விடியற்காலையில் வந்தது. அன்றைக்கும் கம்பெனியில் வேலை இல்லை. நேராக உன் வீட்டுக்குத்தான் கிளம்பினேன். ஆனால் பஸ் ஸ்டாப் வரைதான் போனேன். திரும்பி வந்து கோட்டு மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். ஷிப்ட் நேரம் ஆகும்வரை நின்றேன். வாட்ச்மேன் எதுவும் கத்தவில்லை, “வேலை இல்லம்மா, போ” என்று மெதுவாகச் சொன்னார். அதன் பிறகுதான் காசிமேட்டுக்கு வந்தேன். உன் தலைமாட்டில் இருந்த உன் அம்மா என் கோட்டைப் பார்த்தாள்.

“கம்பெனிக்கா போய்ட்டு வர?”

“ஆமாம்மா.”

“இன்னிக்கி வேலை இருக்குதா?”

“இல்லம்மா. போய் நின்னுட்டு வந்தேன்.”

“அப்ப சரி. வா, அவ பக்கத்துல குந்து” என்று நகர்ந்து இடம் விட்டாள்.

நான் அழுதது அப்போதுதான். அந்த ‘அப்ப சரி’யை வைத்துக்கொண்டுதான் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.