பெண் குரல் மூன்றும் சிறுமி குரல் ஒன்றும்

உடையார்பாளையம்,
ஆவணி 9

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, கிடாக்குட்டி எல்லோரும் சுகம். அதில் கிடா மட்டும் உன் அம்மா பேச்சைக் கேட்பதில்லை. அயர்லாந்தில் நீயும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டோம். வீடியோவில் நீ வெளுத்துப்போய்த் தெரிவதாக உன் அம்மாவுக்குக் கவலை, நம் வம்சத்தில் யார் வெளுத்தார்கள், அது போன் செய்கிற வேலை என்று சொல்லிவிட்டேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து பேச்சை மாற்றிவிடுவேன், நீயும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். அதோடு உள்ளே ஒரு படிவம் இருக்கிறது, அதில் நீ மையால் கையெழுத்துப் போட வேண்டும்.

நம் மைக் செட் ரூமில் பரண் மேல் ஒரு பெட்டி கேசட் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா. சாவு வீட்டுக்கு மைக் கட்டும்போதெல்லாம், துபாயிலும் பம்பாயிலும் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பிறகு கேட்கட்டும் என்று ஒப்பாரியைப் பதிவு செய்து வைப்பேன். பங்குனி மாதம் சென்னையிலிருந்து ஒரு கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். தலைவர் பாலாஜி சார், பேண்ட்டில் எட்டு பாக்கெட், ஒன்றிலும் பேனா இல்லை, என்னிடம்தான் வாங்கி எழுதினார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி இன்டர்நெட்டில் வைத்தால் உலகமே கேட்கும், அழியவே அழியாது என்றார். ஒரு சால்வையும் போர்த்தினார். உன் அப்பனுக்கு அது போதாதா, நாற்பத்தோரு கேசட்டுக்கும் நானே சொந்தக்காரன் என்று கையெழுத்துப் போட்டு அள்ளிக் கொடுத்துவிட்டேன். போன மாதம் இன்டர்நெட்டில் வந்தது. முதல் பக்கத்திலேயே என் போட்டோ, கீழே சேகரித்தவர் மதுரைவீரன் என்று பெயர். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கண்டக்டரைக்கூட விடவில்லை, காட்டினேன். செத்த பண்ணையாருக்குப் பட்டத்தோடு முழுப்பெயர் போட்டிருக்கிறார்கள், அவருக்காகப் பகல் முழுக்க அழுத நம் தெருப் பெண்களுக்குப் பெண் குரல் ஒன்று, பெண் குரல் இரண்டு என்று நம்பர் போட்டிருக்கிறார்கள். அதை நான் கவனிக்கவே இல்லை, போட்டோவில் தொப்பை தெரிகிறதா என்று பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

பெண் குரல் மூன்று யார் என்றால் முந்திரி உடைக்கிற நம் சம்பூர்ணம். இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா செத்தபோது, தம்பி கண்ணையன் பெற்றவளைப் பட்டினி போட்டு நாய்க்குச் சோறு வைத்தான் என்று மைக்கிலேயே கிழித்தாள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், இழவு வீட்டில் யாரை எப்படி ஏசிப் பாடினாலும் கருமாதியோடு சரி, அப்புறம் யாரும் அதை வாயில் எடுக்கக் கூடாது. அக்காவும் தம்பியும் அப்படித்தான் இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தார்கள். இப்போது கண்ணையன் மகன் போனில் அதைக் கேட்டு வீட்டில் போட்டுக் காட்ட, கண்ணையன் ஒரு மாதமாக அக்காள் வாசலை மிதிக்கவில்லை. சம்பூர்ணம் முந்திரிக்கொட்டைப் பால் கறையோடு கையைத் துடைக்காமல் வந்து நின்றாள். லண்டன்காரனே உன் குரலைக் கேட்கிறான், நீ இங்கே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாயே என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. “அழுதது நானு. என்னைய ஒரு வார்த்த கேட்டியாண்ணே?” என்றாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை, மீன் குழம்பு என்பதால் ராத்திரி மட்டும் கொஞ்சம் சாப்பிட்டேன்.

பாலாஜி சாரைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன், தப்புதான் என்று அன்றைக்கே அவள் பாட்டை எடுத்துவிட்டார், ஒரு கட்டுப் படிவமும் அனுப்பினார். பாடியவர்களை ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும், பெயரோடு வைப்பதா, பெயர் இல்லாமலா, எடுத்துவிடுவதா என்று. வீடு வீடாகப் போகிறேன். ஏழு பேர் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கமலவேணி, பெயரைப் போடு, மாமியார் பெயரையும் சேர்த்துப் போடு, அவளைத் திட்டத்தானே தொண்டை கிழியப் பாடினேன் என்றாள். கண்ணையன் இன்னும் வரவில்லை, நான் போய்ப் பேசியும் பலன் இல்லை.

யார் யார் பாடியது என்று எழுத எல்லாக் கேசட்டையும் உட்கார்ந்து கேட்டேன். உன் தாத்தா செத்த அன்றைக்குப் பதிந்ததும் அதில் இருந்தது. உனக்கு அப்போது ஒன்பது வயது. பெண்கள் மூச்சு வாங்கிய இடைவெளியில் மைக்கைப் பிடுங்கி அவர்கள் மாதிரியே இழுத்துப் பாடினாய். “தாத்தா நீ போயிட்டியே, இனிமே அப்பா அம்மாவ அடிச்சா யாரு வந்து புடிப்பா.” நான் ஓடிவந்து ஹாரன் ஸ்பீக்கரை அணைத்தேன். ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டேன். கருமாதிக்கு அப்புறம் ஊரில் ஒருத்தரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அந்த வழக்கத்தால் என்னைப் போல் பிழைத்தவன் யாரும் இல்லை. உடனே திருந்தினேன் என்று எழுத ஆசைதான், அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை கை நீண்டது, பிறகுதான் விட்டேன், உனக்கே தெரியும். அது இப்போது இன்டர்நெட்டில் சிறுமி குரல் ஒன்று என்று இருக்கிறது.

கேட்டவுடன் படிவத்தை எடுத்து, எடுத்துவிடவும் என்ற கட்டத்தில் டிக் போட்டு, தகப்பன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். பிள்ளைக்காகத்தான் என்று உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் கிடாவுக்குத் தழை போட்டுக்கொண்டே, “பாடுனது அவ, பட்டது நானு. ஒங்களுக்கு இதுல என்ன பேச்சு” என்றாள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு படிவம் எடுத்தேன். அதுதான் இது.

எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் டிக் போடு, எனக்காகப் பார்க்காதே. அம்மாவிடம் பேசிக்கொள், ஞாயிற்றுக்கிழமை நான் திருமானூர் கல்யாணத்துக்கு செட் கட்டப் போய்விடுவேன், அப்போது பேசினால் அவள் தாராளமாகப் பேசுவாள். குளிரில் காதை மூடு, ராத்திரி டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நீ நூறு வருஷம் நன்றாக இரு, உன்னை எதிர்த்துப் பேச ஆளில்லாமல் இரு.

ஒன்று மட்டும். படிவத்தில் தகப்பன் பெயர் என்ற கட்டத்தை நானே நிரப்பிவிட்டேன், இனிஷியலோடு, தெருப் பெயரோடு, கொட்டை எழுத்தில். நம் ஊரில் மதுரைவீரன் மூன்று பேர் இருக்கிறோம், நீ வைக்கச் சொன்னால் அந்தப் பழி மற்ற இரண்டு பேர் மேல் விழக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
கு. மதுரைவீரன்