துணைவர் சேர்க்கை: ஆம் / இல்லை

14 மே 2007, திங்கள்
காலையிலேயே அனல். மதுரை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓய்வுபெற இன்னும் பதினேழு நாள்.

ஓய்வூதியப் பிரிவு குருசாமி ஒரு உறை கொடுத்தார். உள்ளே ஓய்வூதியப் படிவம், ஆயுள் காப்பீட்டு வாரிசு நியமனம், மருத்துவக் காப்பீட்டு விருப்பப் படிவம். கணவரோடு சேர்ந்து எடுத்த போட்டோவும் வேண்டுமாம், மூன்று பிரதி.

மருத்துவப் படிவத்தில் இரண்டு கட்டம்: 'தனியாக', 'துணைவருடன்'.

"தனியான்னா அவரு சம்மதக் கையெழுத்து வேணும் மேடம். பதிவேட்டுல கணவர் பேரு இருக்கே."

இருக்கிறது. ராஜமாணிக்கம். பார்த்துப் பத்தொன்பது வருடம். கோர்ட்டுக்கு அவரும் போகவில்லை, நானும் போகவில்லை.

"தங்கச்சியச் சேக்கலாமா?"

"ஆயுள் காப்பீட்டுக்குப் போடுங்க. மருத்துவத்துக்கு முடியாது. ஒரு தடவ எழுதிக் குடுத்தா மாத்தவும் முடியாது மேடம்."

வாங்க வேண்டியவை: தோசை மாவு, கண் சொட்டு மருந்து.

15 மே
தங்கச்சி பொன்னுத்தாயிடம் சொன்னேன். புருஷன் இறந்ததிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலை ஏழுக்கு வேன் வரும். தலைவாரிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கையெழுத்த வாங்கிட்டு வந்துரு. தண்ணிகூடக் குடிக்காத அங்கன."

எனக்கும் அதே எண்ணம்தான். வேலையை விடு, இல்லையென்றால் வீட்டை விடு என்றார் அன்று. வீட்டை விட்டேன். அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

19 மே, சனி
சிவகாசி. பஸ் முழுக்க காலண்டர் அட்டைக் கட்டுகள். கால் வைக்க இடமில்லை.

அவர் இருப்பது அச்சகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. கதவு திறந்தேதான் இருந்தது. ஆளே பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க. உக்காருங்க."

'ங்க' போட்டு என்னைக் கூப்பிட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. என்னவோ போலிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். பேனா கேட்டார். படிக்கவே இல்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாருங்க."

"நீ சரியாத்தான் எழுதியிருப்ப." ங்க போய்விட்டது.

போட்டோக் கடை தெருமுனையில். ஐம்பது அடிகூட இருக்காது. நடுவில் இரண்டு தடவை நின்றார், கடை போர்டைப் படிப்பதுபோல. கடைக்காரர்: "ஐயா, அம்மா பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கோவமா இருக்கீகளா ரெண்டு பேரும்?" இவர் நகரவில்லை. நான்தான் நகர்ந்தேன்.

அவர் கடைக்குள் பிரதிகளுக்குக் காத்திருந்தபோது அவருடைய பக்கத்து வீட்டுக்காரம்மா வெளியே என்னிடம் வந்தாள்.

"சொந்தக்காரகளா? நெஞ்சுல அடைப்பாம். ஆப்பரேசன் பண்ணனும்னு மதுரையில சொல்லி ரெண்டு மாசமாச்சு. போக மாட்டேங்காரு. நீங்களாவது சொல்லுங்க."

தலையாட்டினேன். யார் என்று சொல்லவில்லை.

தண்ணீர் குடித்தேன்.

20 மே, ஞாயிறு
வேலை எதுவும் ஓடவில்லை. துணி துவைத்தேன், இரண்டு தடவை அலசினேன்.

21 மே
குருசாமியிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன்: முன்னமே நோய் இருந்தால்?

"ஓய்வுபெறும்போதே சேத்துட்டா பழைய நோய்க்கும் உண்டு மேடம். இப்ப விட்டா விட்டதுதான்."

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

22 மே, செவ்வாய்
அவரையும் சேர்க்கப்போவதைச் சொல்லிவிட்டேன். பொன்னுத்தாய் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள். விரல் இடுக்கில் இன்னும் பட்டாசின் வெள்ளி மருந்து.

"நீ டைபாய்டுல கெடந்தப்ப வந்தாரா? அம்மா செத்தப்ப வந்தாரா?"

"இல்ல."

"பெறகு ஏன்?"

பாசமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. கோபமும் தேடினேன், பழைய அளவுக்கு அகப்படவில்லை. ஒரு கட்டத்தில் டிக் போட்டால் ஒரு ஆள் பிழைப்பார். போடாமல் வந்துவிட்டு எப்படித் தூங்குவது?

அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "கட்டம் இருக்கு, போடுறேன்" என்றேன்.

"உன் இஷ்டம்." மூன்று நாள் பேசமாட்டாள்.

24 மே
விருப்பப் படிவம் புதிதாக எழுதினேன். 'துணைவருடன்'. ஆயுள் காப்பீட்டுக்குப் பொன்னுத்தாய் பெயர். குருசாமி இரண்டையும் பார்த்தார். முத்திரை குத்தினார்.

சாயங்காலம் அச்சகத்துக்குப் போன் செய்து அவரைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்க வந்தார்.

"நான்தான் கையெழுத்துப் போட்டனே?"

"அது வேண்டாம்னு ஆயிருச்சு. உங்க பேரையும் சேத்திருக்கேன். ஆப்பரேசனுக்கு நாள் குறிச்சுட்டு வாங்க."

"அந்த வேலைய விடச் சொன்னேன் நான்" என்றார்.

"ஆமா."

"நல்லவேள, நீ கேக்கல."

வைத்துவிட்டார்.

31 மே, வியாழன்
லேசான தூறல். சால்வை, மாலை, நான்கு பேர் பேச்சு. என் பெயரை இரண்டு பேர் தப்பாகச் சொன்னார்கள். பொன்னுத்தாய் லீவு போட்டு வந்திருந்தாள், நல்ல சேலை. போட்டோ எடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில கூட யாரு இருப்பா அவருக்கு?"

"தெரியல."

"அட்மிசன் என்னைக்கு?"

"திங்கக்கெழம."

"கம்பெனியில சீசன் இல்ல இப்ப. லீவு கேட்டா குடுப்பாக" என்றாள். "உனக்குத் துணைக்குத்தான். அவருக்கில்ல."