பாதியில் நிற்கும் பரண்

ஹாலிஃபாக்ஸ்,
ஜூலை 6

ஜோசலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதினால் அது பாதிப் பொய். பிப்ரவரியில் உன் அம்மா நெஞ்சில் கட்டிய சளி இன்னும் முழுதாகக் கரையவில்லை, உன்மேல் எனக்கு வந்த கோபமும் ஆறவில்லை.

நம் வீட்டுப் பரணில் குளிருக்குத் தடுப்பாகக் கிடக்கும் கண்ணாடிப் பஞ்சு நீ பிறக்கும் முன்னே போட்டது, நசுங்கி நாலு விரல் கனம்கூட இல்லை, மூட்டுகிற சூடெல்லாம் கூரை வழியாக ஊருக்குத்தான் போகிறது. ஆள் வைத்துச் செய்யக் கட்டுப்படியாகாது என்று, உறை கிழிந்து பாதி விலைக்குத் தள்ளிய பஞ்சுச் சுருள்களை வாங்கி, இந்த இடுப்பை வைத்துக்கொண்டு நானே ஏணி ஏறினேன். உத்தரங்களுக்கு நடுவே ஒன்று, அதன்மேல் குறுக்கே ஒன்று என்று முன்னறைக்கு மேலே முடித்துவிட்டேன். அம்மா படுக்கும் பின்னறைக்கு மேலே போனபோதுதான் சுவரோரம் வௌவால்கள் தொங்குவதைப் பார்த்தேன். அதை உன்னிடம் ஃபோனில் உளறிய என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அங்கிருந்தே வௌவால் காப்பவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டாய். இமோஜென் என்று ஒரு பெண் டார்ச்சோடு வந்து, "எல்லாம் குட்டி போட்ட தாய்ங்க, செப்டம்பர் வரைக்கும் யாரும் மேல போகக்கூடாதுங்க, சட்டம்" என்றாள். செப்டம்பர் முதல் வாரம் எனக்கு இடுப்பு ஆபரேஷன், அதற்கப்புறம் ஏணியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியாதா? இந்தக் குளிருக்கும் உன் அம்மா தலைக்கு மேலே என்ன இருக்கப்போகிறது? பக்கத்து வீட்டு நார்மன் வேலியில் சாய்ந்துகொண்டு, "விடுப்பா, வாடகை தராத குடித்தனம், சீக்கிரம் காலி பண்ணாது" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டம் சட்டம்தான், குட்டிகளை மிதிக்க எனக்கும் மனம் வராது. ஆனால் முன்பின் தெரியாத வௌவால் தாய்களுக்காக ஒரே நாளில் மூன்று பேருக்கு ஃபோன் போட்ட நீ, பெற்றவள் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பூங்கொத்து அனுப்பினாய்.

கிளம்பும்போது இமோஜென், "பொட்டை வௌவாலுங்க எங்க சுத்தினாலும் பொறந்த கூரைக்கே வருஷா வருஷம் வந்துருங்க" என்றாள். உன் அம்மா டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள், ரொம்ப நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். காலிக் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். அதற்காகத்தான் என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை.

இருவரும் நோய்நொடியில்லாமல் இருங்கள். செப்டம்பரில் புறப்பட்டு வா, மீதிச் சுருளை நீதான் விரிக்க வேண்டும். கையுறை, முகமூடி போட்டுக்கொள், பஞ்சு அரிக்கும். கூரை இறங்கும் ஓரத்தை அடைத்துவிடாதே, காற்றில்லாமல் மரம் உளுத்துவிடும். நான் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பேன். டிக்கெட் எடுத்ததும் முதலில் அம்மாவுக்குச் சொல், எனக்குச் சொல்ல வேண்டாம்.

கோபம் தீராத உன் அப்பா,
வில்ஃப்ரெட்