கை கொடுக்காத ஞாயிறு

ஹோல்ம்ஸ்டெட், அயோவா
செப்டம்பர் 1973

அன்பு மகள் மாரித்துக்கு,

அப்பா எழுதுகிறேன். பொலிவியா மலை உயரத்தில் உனக்கு வாங்கிய மூச்சு இப்போது ஒரு நிலைக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் சுகம். சோளம் ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. என் பல் கிளினிக்கில் கூட்டத்துக்குக் குறைவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ஆப்பிள் பையும் கேக்கும் தின்பதை நிறுத்தும்வரை எனக்குப் பிழைப்பு ஓடும்.

உன் கடிதம் வந்தது. சோல்வே அத்தை அனுப்பிய பத்திரிகைத் துண்டைப் பார்த்துவிட்டு, “அம்மா என்ன கல்லாகவே ஆகிவிட்டாளா?” என்று கேட்டிருக்கிறாய். உன் அத்தையைத்தான் உனக்குத் தெரியுமே. நல்ல சேதி என்றால் அவளுக்குத் தபால்தலை கிடைக்காது. கெட்ட சேதி என்றால் விமானத் தபாலிலேயே அனுப்புவாள். “புதிய மாணவர்களை அவமதித்தார் கல்லூரித் தலைவர்” என்று பத்திரிகை போட்டது உண்மை. அன்று அவள் யாருக்கும் கை கொடுக்கவில்லை என்பதும் உண்மை. மீதியை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் அம்மா லத்தீன் வாத்தியாராக இந்த ஊருக்கு வந்தவள். தலைவர் வேலையை யாரும் வேண்டாம் என்று ஓடியபோது இவள் தலையில் கட்டினார்கள். அன்றிலிருந்து அவள் என்னதான் செய்யவில்லை? கல்லூரியின் ஒழுகும் கூரைக்கு நன்கொடை கேட்டுப் பணக்கார விதவைகளின் வரவேற்பறையில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியைப் பாராட்டிப் பாராட்டிக் குடித்தாள். வேதியியல் பேராசிரியரும் தத்துவப் பேராசிரியரும் கார் நிறுத்தும் இடத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டபோது, இரண்டு பேரையும் நம் வீட்டுச் சமையலறையில் பூட்டி வைத்துப் பான்கேக் சுடச் சொன்னாள். ஊருக்கெல்லாம் அவள் தலைவர். என்னை மட்டும் “தலைவர் வீட்டுக்காரர்” என்பார்கள், ஏதோ நான் அந்த வீட்டுக்குக் காவல்காரன் மாதிரி. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

இத்தனை வேலையிலும் அவள் உயிராக நினைத்தது ஒன்றே ஒன்றைத்தான். உனக்குத் தெரிந்ததுதான். செப்டம்பர் முதல் ஞாயிறன்று புதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிற்றாலயப் படியேற வேண்டும். தலைவர் அவர்களுடைய இரண்டு கைகளையும் பிடித்து, பெயரைச் சொல்லி, “நீ முடிக்கும்வரை இந்தக் கதவு திறந்திருக்கும்” என்று வாக்குக் கொடுக்க வேண்டும். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இது நின்றதில்லை. ஒரு தலைவர் நிமோனியாவோடு நாற்காலியில் உட்கார்ந்தே கை கொடுத்தாராம்.

ஜூலையில் அறங்காவலர் குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டேன். “கேக்காதே ஆர்வில். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கட்டின புருஷனிடம் சொல்லாத ரகசியம் என்ன ரகசியம்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் கவனிக்கக்கூட இல்லை.

அந்த ஞாயிறு வந்தது. அங்கி, தொப்பி எல்லாம் போட்டுப் படியில் நின்றாள். அகர வரிசைப்படி முதலில் வந்தவள் டார்லீன் ஆக்ரே. லாய்ட் ஆக்ரே என்ற பன்றிப் பண்ணைக்காரரின் மகள். நீல உடுப்பு, புதுச் செருப்பு, காதுவரை சிரிப்பு. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு படியேறினாள். உன் அம்மா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “நல்வரவு, மிஸ் ஆக்ரே” என்றாள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்தவனுக்கும் அப்படித்தான், அதற்கு அடுத்தவளுக்கும் அப்படித்தான், கடைசிப் பிள்ளைவரை அப்படியேதான். உன் அம்மா முகத்தில் ரத்தமே இல்லை.

கூட்டம் கொந்தளித்தது. லாய்ட் ஆக்ரே கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு முன்னால் வந்து, “ஏம்மா, எம்பொண்ணு கையில பன்னிச் சாணியா ஒட்டியிருக்கு? காலையிலதான் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தா!” என்று கத்தினார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். ஆசிரியர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, மூளையில் ஏதாவதா என்று துளைத்தார்கள். நான் பல் பிடுங்குகிறவன், எனக்கு என்ன தெரியும்? பத்திரிகைக்காரன் அதற்குள் படம் பிடித்துவிட்டுப் போய்விட்டான். உன் அத்தை பார்த்தது அதைத்தான்.

முதலில் புரிந்துகொண்டது பெர்னிஸ் க்வாம்மே. நம் ஆலயத்தில் காபி மேசையை ஆளும் பெர்னிஸ்தான். தன் காலத்தில் அந்தப் படியேறிக் கை வாங்கினவள் அவள். “ஆளாளுக்குக் கத்தாதீங்க. கை குடுக்காதது கெடக்கட்டும், அந்த வாக்கச் சொன்னாளா? சொல்லல. சொன்னதக் காப்பாத்த முடியாதுன்னா லெனோரா சொல்ல மாட்டா. அப்ப இந்தக் கதவுக்கு என்னமோ ஆகப்போகுது” என்றாள்.

எல்லோரும் அம்மாவிடம் போனார்கள். கல்லூரியை மூடப்போகிறார்களா என்று கேட்டார்கள். “அதை அறங்காவலர்கள்கிட்ட கேளுங்க” என்றாள். பிள்ளைகள் இங்கே முடிப்பார்களா என்று கேட்டார்கள். “அதையும் அவங்ககிட்டதான் கேக்கணும்.” எதைக் கேட்டாலும் இதே பதில்தான். வேறு ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. கார்கள் வரிசையாகக் குழுத் தலைவர் ஹார்லன் ராம்ஸ்டாட் வீட்டுக்குத் திரும்பின. அந்த மனிதர் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வீட்டுச் செருப்போடு வாசலுக்கு வந்தார். லாய்ட் ஆக்ரே மாதிரி ஓர் ஆள் எதிரே நின்று கேட்டால் யார்தான் பொய் சொல்வார்கள்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வசந்த காலத்தோடு கல்லூரியை மூடி, இடத்தை விற்றுவிட முடிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் வேறு கல்லூரிகளில் சேர முடியாதபடி நாள் கடந்த பிறகு, அக்டோபரில் சொல்லிக்கொள்ளலாம், இந்த வருஷக் கட்டணமாவது கையைவிட்டுப் போகாது என்று எண்ணம்.

அன்று மாலை அவளிடம், இதைவிட வேலையை விட்டுப் போயிருக்கலாமே என்றேன். “நான் போனா, வேற யாரையாவது நிறுத்துவாங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே கை குடுப்பாங்க” என்றாள். ஜூலையிலிருந்து இதை மென்று விழுங்கிக்கொண்டு, ஊர் முன்னால் தன் பெயர் கெடும் என்று தெரிந்தே அந்தப் படியில் ஏறியிருக்கிறாள். நானோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவளை நீக்குவதற்காகவே குழு கூடியது. வெயில் என்பதால் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். புல்வெளியில் ஊரே நின்றது. ராம்ஸ்டாட், ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தாயே என்று கேட்டார். உன் அம்மா சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: “பண்ணினேன். காப்பாத்தினேன். என் வாயிலேருந்து ஒரு வார்த்தை போகல. ஆனா பிள்ளைங்க கையப் பிடிச்சுப் பொய் சொல்றேன்னு நான் உங்களுக்குச் சத்தியம் பண்ணலையே, ஹார்லன்.” மாரித், இத்தனை வருஷம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன். காலையில் தலை கலைந்து, மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற அதே லெனோராதான். ஆனால் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றபோது, இவளா என் மனைவி என்று எனக்கே நம்ப முடியவில்லை.

பிறகு அவளே வழியும் சொன்னாள். இந்த வருஷப் பிள்ளைகள் முடிக்கும்வரை நடத்துங்கள், புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம். அதற்குத் தலைவர் வீட்டை விற்றுக்கொள்ளுங்கள், என் சம்பளத்தைப் பாதியாக்குங்கள் என்றாள். உள்ளே வெகுநேரம் சண்டை நடந்தது. கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பயம், கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆக, இன்னும் நாலு வருஷம். அதற்குப் பிறகு கல்லூரி இல்லை. மூடிய தலைவர் என்றுதான் இனி ஊர் அவளைச் சொல்லும். அது அவளுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் கிளினிக் மாடிக்குக் குடிபோகிறோம். அங்கே ஒரே ஓர் அறைதான் சூடாக இருக்கும், அதில் யார் படுப்பது என்று இப்போதே வாக்குவாதம்.

போன ஞாயிறு மறுபடியும் படியில் நின்றாள். சில பிள்ளைகள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். போக அவர்களுக்கு நேரம் இருந்ததே, அதுதான் அவள் வாங்கிக் கொடுத்தது. மீதிப் பேர் வந்தார்கள். டார்லீன் படியேறியதும், அவள் கை நீட்டுவதற்கு முன்பே அம்மா நீட்டிவிட்டாள். அந்த வாக்கை ஒரு சொல் விடாமல் சொன்னாள். லாய்ட் ஆக்ரே பின்னாலேயே வந்து, “எனக்கும் ஒரு கை குடுங்கம்மா. அன்னிக்குக் கத்திட்டேன்” என்றார். அவர் கொடுத்த பன்றித்தொடை நம் குளிர்பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த முரட்டு மனிதர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை.

வரிசை முடிந்தது. எல்லோரும் காபிக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் படியிலேயே நின்றாள். நான் போய், வா லெனோரா, காபி ஆறுகிறது என்றேன். அவள் பாதையையே பார்த்துக்கொண்டு, “இன்னும் ஒருத்தி பாக்கி இருக்கா, ஆர்வில்” என்றாள்.

யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் ஒரு செப்டம்பரில் அந்த வரிசையில்தானே நின்றாய். மற்றவர்களைப் போல உன்னையும் “மிஸ் தோர்சன்” என்று அழைத்தாள் என்று அன்று முழுவதும் உர்ரென்று இருந்தாய். மூன்றாம் வருஷம் அவளோடு சண்டை போட்டு, படிப்பைப் பாதியில் விட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். அதைப்பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் அவள் யாருக்கும் சும்மா கை கொடுக்கிறவள் இல்லை என்பதை இந்த மாதம்தான் முழுதாகப் பார்த்தேன்.

அவள் உன்னைக் கூப்பிட மாட்டாள். நீயும் அவள் பெண்தானே, வரட்டுமா என்று கேட்க மாட்டாய். அதனால் நான் கூப்பிடுகிறேன். அங்கே உன் வேலையை முடித்துக்கொள், அவசரம் இல்லை. ஆனால் நாலு வருஷத்துக்கு மேல் அவளால் அந்தக் கதவைப் பிடித்து வைத்திருக்க முடியாது. கடவுள் உன்னைப் பத்திரமாக மலையிறக்கிக் கொண்டுவரட்டும். வந்து முடித்துவிடு, கண்ணே.

என்றும் உன்
அப்பா ஆர்வில்