திருவிருந்தில் தள்ளாடியவர்

ராபர்ட்சன்பேட்டை, தங்கவயல்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரசன்னா அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் அக்கா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் பத்து முறை போன் செய்தும் எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் சொல்வதைக் கேட்கமாட்டேன், நாக்கு குழறுகிறதா என்றுதான் கவனிப்பேன். நீங்கள் குடியை விட்டுப் பதினோரு வருஷமாகியும் என் பழக்கம் விடவில்லை. அதனால் எழுதுங்கள்.

அன்று சபைக்கு முன்னால் நின்று, குடியை விட்டேன் என்று சாட்சி சொன்னீர்கள். அதே இடத்தில் போன ஞாயிறு திருவிருந்துக்கு முழங்கால்படியிட்டு, சின்னக் கிண்ணத்துத் திராட்சரசத்தை அண்ணாந்து குடித்தீர்கள். எழுந்ததும் தள்ளாடி, பீடத்துக்கு முன்னாலிருந்த கம்பியில் சாய்ந்தீர்கள். கிண்ணம் தரையில் உருண்டது. பின்வரிசையில் ஒருத்தி, "ஏன்மா, உங்க வீட்டுக்காரர் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லையே, என்ன சொல்வேன்? காலையில் கட்டிலைவிட்டு எழும்போதும் சுவரைப் பிடித்தீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா?

சாம்பார்பொடி எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டினி கிடக்காதீர்கள்.

ரஞ்சிதம்


காக்ஸ் டவுன், பெங்களூரு
12 பிப்ரவரி 2025

பிரியமுள்ள ரஞ்சிதத்துக்கு,

சாம்பார்பொடி கிடைத்தது, சாம்பார்தான் வரவில்லை.

அன்று காலை நான் குடிக்கவில்லை. நீ போன மறுநாள் பீன்யா ஃபேக்டரியில், மேலே இருந்த போல்ட்டை நிமிர்ந்து பார்த்தபோது மறுபடியும் விழப்போனேன். காது டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என் தலையை வலப்பக்கம் திருப்பி, சடாரென்று மல்லாக்கப் படுக்கவைத்தார். அறையே சுழன்றது. கண் தானாகத் துடிப்பதைப் பார்த்ததுமே, "ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க, காதுதான்" என்றார்.

நான் மெஷின் ஃபிட்டர் என்றதும், "மட்டம் பார்க்கிற ரசமட்டம் தெரியுமில்ல? அதுமாதிரி உள்காதிலும் ஒண்ணு இருக்கு" என்றார். அங்கே ஒரு பையில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்குமாம். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதானாம். பக்கத்தில் மூன்று வளைந்த குழாய்கள், உள்ளே நீர். தலை திரும்புவதை அந்த நீர் அசைந்து சொல்லும். சில துகள்கள் உதிர்ந்து குழாய்க்குள் போய்விட்டால், அண்ணாந்தாலோ படுக்கையில் புரண்டாலோ அவை உருண்டு நீரையும் இழுத்துக்கொண்டு போகும். தலை நின்ற பிறகும் நீர் நகரும். காது சுற்றுகிறது என்கிறது, உடம்பு இல்லை என்கிறது. துகள் அடங்கியதும், ஒரு நிமிஷத்துக்குள், எல்லாம் நின்றுவிடும். வயதானால் தானாகவே உதிருமாம், அடிபட்டாலும் உதிருமாம். ஜனவரியில் மெஷின் கதவில் தலையை இடித்துக்கொண்டேன் இல்லையா?

மாத்திரை இல்லை. தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, உட்காரவைத்தார். அப்படிச் செய்தால் துகள் குழாயைவிட்டு வெளியேறிவிடுமாம். இரண்டாம் முறையில் சரியாகிவிட்டது. டாக்டர் சீட்டு இத்துடன் இருக்கிறது.

உன்
டிரேவர்


ராபர்ட்சன்பேட்டை
17 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரசன்னா அப்பாவுக்கு,

சீட்டை அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பின்வரிசைக்காரி பேச்சைக் கேட்டேன், உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 1, சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். மறுநாள் திருவிருந்துக்குச் சேர்ந்தே போவோம். யார் என்ன கேட்டாலும் பதில் என்னிடம் இருக்கிறது. அதுவரை ஸ்டூல் போட்டு ஏறி எதையும் எடுக்காதீர்கள்.

ரஞ்சிதம்


காக்ஸ் டவுன்
21 பிப்ரவரி 2025

ரஞ்சிதம்,

நீ மன்னிப்புக் கேட்காமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். மறைத்திருப்பேன், நிச்சயமாக.

அந்த ஞாயிறு சாயங்காலம், உன் ஆட்டோ போனதும் கடைக்குப் போனேன். எப்படியும் குடிகாரன் என்று ஆகிவிட்டது, குடித்தால்தான் என்ன என்று வீம்பு. ஒரு குவார்ட்டர் வாங்கிப் பாதி குடித்தேன். மீதியை சிங்க்கில் கொட்டினேன், அதற்காக என்னைப் பாராட்டவேண்டாம். டாக்டர் சீட்டு காலைக்குத்தான், சாயங்காலத்துக்கு இல்லை. நான் செய்யாத தப்புக்கு நீ போனாய், நான் செய்த தப்பு தெரியாமல் திரும்பி வருகிறாய். என்னால் சாப்பிட முடியவில்லை.

அதன்பிறகு தொடவில்லை. இதை நம்பு என்று கேட்க எனக்கு வாயில்லை. வருவதும் வராததும் உன் விருப்பம்.

டிரேவர்


ராபர்ட்சன்பேட்டை
25 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரசன்னா அப்பாவுக்கு,

படித்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்காவுக்குத் தெரியாமல் குளியலறைக்குப் போய் அழுதேன். இரண்டு நாள் உங்களுக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

அந்தக் காலத்தில் நீங்கள் குடித்த நாளெல்லாம், பைபிள்மேல் கைவைத்து இல்லை என்பீர்கள். நான்தான் சட்டையை மோந்து, பையைத் துழாவிக் கண்டுபிடிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து, நான் கண்டுபிடிக்காத ஒன்றை நீங்களாக வந்து சொன்னது இதுதான் முதல்முறை. டாக்டர் சீட்டை நம்பிக் கிளம்ப இருந்தேன். இப்போது உங்களை நம்பிக் கிளம்புகிறேன்.

சனிக்கிழமை வரை இருக்க மனசில்லை, நாளைக் காலை ரயில். குடித்ததற்கு வந்ததும் திட்டு உண்டு. ஆனால் மேலே எழுதியதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் வழியில் இதைத் தபாலில் போடுகிறேன். தபால்காரர் கொண்டுவரும்போது நான் அடுப்படியில் இருப்பேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படியுங்கள். என்ன எழுதியிருக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள்
ரஞ்சிதம்